எங்கள் வீட்டு மூன்று ஓட்டு

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. இங்கே இப்போதெல்லாம் தபால் தினமும் வருவதில்லை. அதனால் பெட்டியின் மூடி தட்டுகிற சத்தம் கேட்டால், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் நான் மீட்டிங்கையே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். கடிதம் என் மகள் யாழினியின் பெயருக்கு வந்திருந்தது. உறையின் மூலையில் தேர்தல் அலுவலகத்தின் முத்திரை.

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் வீட்டுக்கு வருகிற தபாலையெல்லாம் நான்தான் பிரிப்பேன். என் மனைவி கவிதாவின் வேலைக் கடிதம், யாழினியின் பள்ளி அறிக்கை, பல் டாக்டர் அனுப்பும் நினைவூட்டல் எல்லாவற்றையும் நான் பிரித்துப் படித்து, என்ன விஷயம் என்று இரண்டு வரியில் அவர்களுக்குச் சொல்வேன். அது குடும்பத் தலைவனின் வேலை என்று நினைத்திருந்தேன். அவர்களும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்றைக்கு அந்த உறையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். மனசை எடுக்க முடியவில்லை. சமையலறைக்குப் போனேன், வந்தேன். துணி உலர்த்தப் போனேன், வந்தேன். ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. யாழினி கல்லூரியிலிருந்து வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றித்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஏன் என்று சொல்ல செப்டம்பர் மாதத்துக்குப் போக வேண்டும்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆக்லாந்து என்றால் காலண்டரில் வருகிற கோபுரமும் துறைமுகமும் மட்டும் இல்லை. வடக்கே மாடு மேய்கிற வெல்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே வெங்காயம் விளைகிற புக்கெகோஹே வரைக்கும், நடுவில் படகு ஏறிப் போக வேண்டிய தீவுகளையும் சேர்த்து, எல்லாம் ஒரே கவுன்சிலின் கீழ் வருகிறது. நம் ஊரில் ஒரு மாவட்டத்தை அப்படியே தூக்கி மாநகராட்சி ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி. நாயின் கழுத்தில் தொங்குகிற வில்லை, குப்பைத் தொட்டியின் அளவு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போடலாமா கூடாதா என்பதெல்லாம் கவுன்சில் பார்க்கும். அதற்குக் கீழே பேட்டைக்குப் பேட்டை லோக்கல் போர்டு என்று ஒன்று உண்டு. பூங்கா, நூலகம், நடைபாதை எல்லாம் அவர்களுடைய பாடு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை இதற்கெல்லாம் தேர்தல்.

நான் இருப்பது கிளென்ஃபீல்டில். வேலை ஆல்பனியில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லாவற்றைப் பற்றியும் எனக்குப் புகார் உண்டு. பஸ் சரியில்லை, சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மழைக்காலத்தில் வீடு சில்லிடுகிறது. காரில் ஏறினால் ஆரம்பித்துவிடுவேன். ஆனால் என் லோக்கல் போர்டு உறுப்பினர் எதிரே வந்து கை குலுக்கினாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

ஊர் விஷயம் அப்படி இல்லை. காவிரிக் கரையில் எங்கள் ஊர் ஒரு சின்னப் பேரூராட்சி. எட்டாவது வார்டில் யார் நிற்கிறார், யார் யாருடைய மச்சான், யார் கடைசி நிமிஷத்தில் வாபஸ் வாங்கினார் என்பதெல்லாம் வாட்ஸப்பில் எனக்கு உடனே வந்துவிடும். தேர்தல் வரும்போதெல்லாம் தம்பிக்கு போன் போட்டு, "லிஸ்ட்ல என் பேரு இன்னும் இருக்காடா?" என்று கேட்பேன். "இருக்குண்ணே" என்பான். எடுத்திருக்க வேண்டிய பெயர்தான், இருந்தாலும் அதைக் கேட்டால் ஒரு நிம்மதி. அந்தப் பெயரில் யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

எங்கே இருந்தாலும் இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. வந்த மூன்றாம் வருடமே "அடுத்த வருஷம் போயிரலாம்" என்றேன். கவிதா இப்போதெல்லாம் அதற்கு "ம்" கூடக் கொட்டுவதில்லை.

எங்கள் தெருவின் கடைசியில் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஓர் ஓடை, ஓடைக்கு மேல் ஒரு மரப்பாலம். சில வருடம் முன்பு ஜனவரியில் வந்த பெரிய வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. இரண்டு கரையிலும் ஆரஞ்சு வலை கட்டினார்கள். திரும்பக் கட்டலாமா, வேண்டாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டு ஒரு தாள் வந்தது. நான்தான் பிரித்தேன். படித்துவிட்டு மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். நாம் போகப்போகிறவர்கள், நமக்கெதற்கு இந்தப் பாலம் என்று நினைத்ததாக ஞாபகம்.

3

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முரளி வீட்டுக்கு வந்தார். மதுரைக்காரர். ஆல்பனியில் ஒரே கட்டிடத்தில் இரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். லோக்கல் போர்டுக்கு நிற்கிறேன் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் ஆள் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால் நன்றாகத்தானே இருக்கும்.

காபியைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "அண்ணே, உங்க வீட்டுல எத்தன ஓட்டு?"

"மூணு. யாழினிக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல."

"அப்ப மூணும் நமக்குத்தான?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா முரளி? போட்டாச்சுன்னு வச்சுக்குங்க."

யாழினி அப்போது மாடியில் இருந்தாள். கவிதா அடுப்படியில் இருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும். என்னமோ என் வீட்டு மரத்தில் காய்த்த எலுமிச்சம்பழம் மூன்றைப் பறித்துக் கொடுக்கிற மாதிரி நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஓட்டுச் சாவடி, வரிசை, மை எதுவும் கிடையாது. ஓட்டுச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். ஆளுக்கொரு உறை, கூடவே வேட்பாளர்கள் ஆளுக்குப் பத்து வரி எழுதிய ஒரு புத்தகம். வீட்டிலேயே டிக் போட்டு, மூடி, தபாலிலோ சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்திருக்கிற ஆரஞ்சுப் பெட்டியிலோ போட்டுவிட வேண்டியதுதான். செப்டம்பரில் சீட்டு வர வேண்டிய வாரம் முழுக்க யாழினி வீட்டுக்குள் நுழைந்ததும் "எனக்கு எதாவது மெயில் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஷூ எதையோ ஆர்டர் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்று உறையும் வெள்ளிக்கிழமை வந்தன. அவள் அன்று காலையில்தான் கல்லூரிக் கேம்ப் என்று கிளம்பிப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம்தான் வருவாள். சனிக்கிழமை காலையில் மூன்றையும் பிரித்து மேஜையில் பரப்பினேன். கவிதா முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் போட்டுரவா?" என்றேன்.

"போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

யாழினியிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றி நான் தள்ளிவிட்டிருந்தால் அது வேறு. தோன்றவே இல்லை. முரளிக்கு மூன்று டிக். மற்ற பதவிகளுக்குப் பேர் பார்த்து, கைக்கு வந்தபடி டிக். கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை, வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும்போது பெட்டியில் போட்டேன். கொத்தமல்லி, பால், மூன்று ஓட்டு. ஒரே நடையில் எல்லாம் ஆயிற்று என்று திருப்தியாக வந்து சேர்ந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாழினி பையை இறக்கி வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து மறுசுழற்சித் தொட்டியில் போடப் போனவள் அப்படியே நின்றாள். தொட்டியில் அவள் பெயர் போட்ட உறை கிழிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் மைன். வேர் இஸ் த பேப்பர்?"

"போட்டாச்சும்மா. நேத்தே மூணையும் போட்டுட்டேன்."

"வாட் டு யூ மீன் போட்டாச்சு?"

"முரளி அங்கிள் நிக்கிறாருல்ல. நம்ம ஆளுக்குத்தான் போட்டுருக்கேன், கவலப்படாத."

இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரையும் போல இவளும் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். சண்டை என்றால் இங்கிலீஷ் இன்னும் வேகமாக வரும், பாதி எனக்குப் பிடிபடாது. அன்றைக்குச் சண்டை போடவில்லை. வேட்பாளர் புத்தகத்தை எடுத்தாள். அது நான் வைத்த இடத்திலேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. முரளியின் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பத்து வரிதான். அதில் நான்காவது வரியில், சிறிய நடைபாலங்கள் போன்ற அவசியமற்ற பணிகளை நிறுத்திவைப்பேன் என்று இருந்தது.

"டிட் யூ ஈவன் ரீட் இட்?"

அவள் கண் கலங்கியிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறினவள் திரும்பினாள்.

"அது என்னோடதுப்பா" என்றாள். தமிழில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று நான் தப்பிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஒரு ஓட்டுக்கு இத்தனை கோபமா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த தேர்தல் மூன்று வருடத்தில் வரப்போகிறது, அப்போது அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் சொன்ன ஒரு வாக்கியம் காதிலேயே நின்றது. நம்ம ஆளுக்குத்தான் போட்டுருக்கேன், கவலப்படாத. இதே வாக்கியத்தை இதே குரலில் நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

5

என் முதல் ஓட்டும் உள்ளாட்சித் தேர்தலில்தான். நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கோடை வந்தால் குழாயில் காற்றுதான் வரும். அதற்காகவே சைக்கிள் கடைக்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். கத்தரிக்கோல் சின்னம். அவருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நின்றுகொண்டே பஸ்ஸில் பயணம் செய்து ஊருக்கு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சாவடிக்குப் போனேன்.

பட்டியலில் என் பேருக்கு நேரே கோடு போட்டிருந்தது.

"உன் ஓட்டு பதிவாயிருச்சேப்பா" என்றார் அதிகாரி.

"நான் இப்பதான் சார் வர்றேன்" என்று விரலை நீட்டினேன். விரலில் மை இல்லை.

உள்ளே பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு சுப்பையா மாமா. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவர்தான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார். "நீ எங்க வரப்போறன்னு நாங்களே போட்டுட்டோம் தம்பி. நம்ம ஆளுக்குத்தான் போட்டுருக்கு, கவலப்படாத."

நான் அங்கேயே சத்தம் போட்டேன். அதிகாரி பாவம், நல்ல மனுஷர். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நம் பேரில் வேறு யாரோ போட்டுவிட்டால் கொடுக்கிற டெண்டர் ஓட்டு என்று ஒரு சீட்டுக் கொடுத்தார். கத்தரிக்கோலில் முத்திரை குத்தினேன். அதைப் பெட்டியில் போட விடாமல் வாங்கித் தனி உறையில் வைத்தார். "இத எண்ண மாட்டாங்கப்பா. ஆனா நீ வந்தன்னு கணக்குல இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன். சுப்பையா மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அப்புறம் நான் போகவில்லை. வீட்டில் எல்லோரும், மாமா உன் மேல் இருக்கிற உரிமையில் செய்தார், அதுக்குப் போய் இப்படியா என்றார்கள்.

கள்ள ஓட்டு என்று அதற்குப் பெயர். சுப்பையா மாமா அதை உரிமை என்றுதான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

6

மறுநாள் திங்கள்கிழமை, எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நாள். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா வேலியோரம் நின்றிருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர். அறுபது தாண்டிவிட்டது, கார் ஓட்டத் தெரியாது. எங்களுக்கும் அவருக்கும் கறிவேப்பிலை கொடுத்து வாங்குகிற பழக்கம்.

"தம்பி, பிள்ளை கேம்பால வந்திட்டுதே?"

"வந்துட்டாக்கா."

"அது வந்த உடன எனக்குச் சொல்லச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேந்து வாக்குப் போடுறதெண்டு கதைச்சு வச்சனாங்கள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "உங்களுக்குத் தெரியாதே? உங்கட பிள்ளை அந்த போர்ட் கூட்டத்தில எழும்பி நிண்டு கதைச்சது. நானும் கூடப் போனனான். மூண்டு நிமிசம்தான் குடுத்தவை. 'பாலம் இருக்கேக்க எங்கட பக்கத்து வீட்டு ரெஜினா அன்ரி அஞ்சு நிமிசத்தில கோயிலுக்கு நடந்து போறவ, இப்ப ஆரும் காரில ஏத்துவினமோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா' எண்டு சொல்லிச்சுது. எனக்கு அவையின்ர இங்கிலீசு முழுக்க விளங்கேல்ல. என்ர பேர் விளங்கிச்சு."

அவர் கோயில் என்று சொல்வது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சர்ச்சை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும். காரில் சுற்றித்தான் போக வேண்டும்.

"பாலத்தைக் கட்டுறம் எண்டு சொன்ன ஆக்களுக்குத்தான் எங்கட வாக்கு. பிள்ளைக்கு முதல் வாக்கெல்லே, அதால கேட்டுக்கொண்டே திரிஞ்சது. பேப்பர் வந்திட்டுதே உங்களுக்கு?"

"வந்திருச்சுக்கா" என்றேன். மறுசுழற்சித் தொட்டியைச் சாலையோரம் உருட்டிக்கொண்டு போனேன். அந்தத் தொட்டிக்குள்தான் பாலத்தைப் பற்றி வந்த தாளையும் போட்டிருந்தேன், அவள் பெயர் போட்ட உறையையும் போட்டிருந்தேன்.

என் மகள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் பத்தொன்பது வருடமாகப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் அவளுக்குச் சொந்த ஊர் என்பதையும் அன்றைக்குத்தான் நான் சரியாக யோசித்தேன்.

7

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"என்னோடத யாருக்குப் போட்டீங்க?"

"முரளிக்குத்தான். நீதான போட்டுருங்கன்ன."

"சொன்னேன். யாருக்குன்னு கேட்டீங்களா? இந்தத் தடவைன்னு இல்ல, எந்தத் தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. இத்தனை தேர்தலில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"என்னுது கிடக்கட்டும். முதல்ல அவளோடதுக்கு வழி பாருங்க" என்றாள்.

அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதைப் பார்த்தபடி இரண்டு நாள் நடந்தேன். அடுத்தவர் ஓட்டைப் போடுவது குற்றம் என்று அதே பக்கத்தில் அச்சிட்டிருந்தது. வேலை போகுமோ, போலீஸ் வருமோ, பேப்பரில் தமிழன் பெயர் வருமோ என்று என்னென்னவோ ஓடியது. வேலையில் உட்கார முடியவில்லை. யாழினி அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. கோபத்தைக் காட்டினால்கூடச் சமாதானம் சொல்லலாம். அவள் உப்பைக் கேட்டால்கூட அம்மாவிடம்தான் கேட்டாள்.

புதன்கிழமை போன் போட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். நான் ஒரு தவறு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பெட்டிக்குள் போனதை வெளியே எடுக்க முடியாது என்றார். உங்கள் மகள் நேரில் வந்து ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறப்பு ஓட்டு போடலாம், எது ஏற்கப்படும் என்பது சரிபார்த்த பிறகுதான் தெரியும் என்றார். கடைசியில், "அங்கே வந்து அவர் என்ன சொல்ல விரும்புகிறாரோ அது அவர் விருப்பம்" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

யாழினியின் அறைக்கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து பதில் வரும்வரை நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். "நீ அங்க என்ன வேணும்னாலும் சொல்லு. நான்தான் பண்ணேன்னும் சொல்லு" என்றேன். அவள் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

காரில் போகும்போது புகார் சொல்ல வாய் துறுதுறுத்தது. வழியெல்லாம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன்.

அலுவலகத்துக்கு வெளியே காரை நிறுத்தினேன். அவள் மட்டும் இறங்கிப் போனாள். கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். யாழினி பேசினாள். அவர் ஏதோ கேட்டார். இவள் பேசினாள். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் ஒரு தாளை நீட்டினார், அவள் எழுதினாள். ஒரு மறைப்புக்குப் பின்னால் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. என்னுடைய ஐந்து நிமிஷம் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?"

"தட்ஸ் மை வோட், அப்பா. ஐ டோன்ட் ஹேவ் டு டெல் யூ."

அதற்குப் பிறகு எங்கள் தபால் பெட்டியின் மூடி தட்டும்போதெல்லாம் எனக்குத் திக்கென்று ஆகும்.

8

தேர்தலில் முரளி ஜெயிக்கவில்லை. ஒன்றிரண்டு ஓட்டில் தோற்கவில்லை, நன்றாகவே தோற்றார். எங்கள் வீட்டுச் சமாச்சாரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று நான் நிம்மதி அடையப் பார்த்தேன். முடியவில்லை. சுப்பையா மாமா போட்ட ஓட்டாலும் அன்றைக்கு ஒன்றும் மாறவில்லை. கத்தரிக்கோல் நாலாவது இடம்.

தீபாவளி விழாவில் முரளியைப் பார்த்தேன். தட்டும் கையுமாக நான்கு பேர் நடுவில் நின்றுகொண்டு என் தோளில் கை போட்டார். "தோத்தாலும் அண்ணன் வீட்டு மூணு ஓட்டு நமக்கு விழுந்துச்சு. அது போதும்."

கவிதா என்னைப் பார்த்தாள். யாழினி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"மூணு இல்ல முரளி" என்றேன். "எனக்கு ஒரு ஓட்டுதான். அதத்தான் உங்களுக்குப் போட்டேன்னு சொல்லலாம். மத்த ரெண்டு நான் குடுக்கிறதுக்கு என்னுது இல்ல. தெரியாம உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

முரளி சிரித்து மழுப்பினார். ஒருவர் ஜாங்கிரி நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாப்பிடாமலே காருக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.

9

ஆக, போன செவ்வாய்க்கிழமை. நாலரை மணிக்கு யாழினி வந்தாள்.

"உனக்கு லெட்டர் வந்திருக்கு" என்றேன்.

உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டினது ஒட்டினபடி இருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்றபடியே பிரித்துப் படித்தாள். ஒரே பக்கம்தான். படித்த பிறகு அதை விரித்தபடி மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

எழுத்து என் பக்கம் பார்த்து இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"படிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்ல. அது உன் லெட்டர்."

தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. "படிங்கப்பா" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். உங்கள் பெயரில் ஓர் ஓட்டுச் சீட்டு ஏற்கனவே வந்து பதிவாகிவிட்டது, அதனால் நீங்கள் நேரில் வந்து போட்ட சிறப்பு ஓட்டு எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. உங்கள் ஓட்டை வேறு யாராவது பயன்படுத்தியதாகக் கருதினால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று கீழே ஒரு வரி. அப்படியானால் அன்றைக்கு அங்கே அவள் என் பெயரைச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். கடிதத்தில் எண்ணும் விலாசமும் இருந்தன.

"நீ வந்தன்னு கணக்குல இருக்கும்" என்றேன். அந்த அதிகாரி எனக்குச் சொன்னது. உட்கார்ந்து அவளிடம் அந்தக் கதையைச் சொன்னேன். சைக்கிள் கடைக்காரர், கத்தரிக்கோல், மை இல்லாத விரல், சுப்பையா மாமா என்று ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஊரைப் பற்றி ஆயிரம் கதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

கேட்டு முடித்துவிட்டு, "ஸோ யூ நியூ" என்றாள். எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தும்தான் செய்தீர்கள் என்பது அதன் அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். தமிழில் சொன்னால் போதாதோ என்று இங்கிலீஷிலும் சொன்னேன்.

"என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில், என் கண் உயரத்துக்கு, இரண்டு காந்தம் வைத்து ஒட்டினாள்.

"நெக்ஸ்ட் எலக்‌ஷன் வரைக்கும் இங்கதான் இருக்கும்" என்றாள்.

அடுத்த தேர்தலுக்கு மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை இந்த ஊரில்தான் இருப்போம் என்று நான் கவிதாவிடம் சொல்லிவிட்டேன். நேற்று ரெஜினா அக்கா கறிவேப்பிலை கொடுக்க வந்தவர் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது என்ன தம்பி?" என்று கேட்டார். நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நானே காரில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னேன். "ஓம், வாறன்" என்றார். தினமும் காலையில் காபிக்குப் பால் எடுக்க நான் அந்தக் கதவைத்தான் திறக்கிறேன்.